சபைப் பிணக்குகளைத் தீர்க்க அமரும் மூப்பர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருச்சபையின் புதிய மூப்பர்கள் (சபைப் பொறுப்பாளர்கள்) இருவர் அண்மையில் ஒரு காணித் தகராற்றை விசாரித்ததை அருகிலிருந்து பார்த்தபோது, என் பழைய பிழைகளையே மறுபடியும் கண்டேன். பக்கம் சாயாதிருத்தல், கேட்டதை வெளியே சொல்லாதிருத்தல் ஆகியவற்றை எவரும் அறிவர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஏழாம் வசனத்தோடு வேதாகமத்தை மூடுதல்

1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில், விசுவாசிகள் தங்களுக்குள் மூண்ட வழக்கை அவிசுவாசிகளிடம் கொண்டுபோவதைப் பவுல் கண்டித்து, அதைவிட அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாகாதா என்று ஏழாம் வசனத்தில் கேட்கிறார். யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், அயல்வளவுச் சபையார் ஒருவர் வேலி அடைக்கும் சாக்கில் கதியால்களை ஒரு விதவைத் தாயின் கிணற்றடி வரை தள்ளி நட்டிருந்தார். முறையிட வந்த அந்தத் தாயிடம் இதே வசனத்தை வாசித்து, "பொறுத்துக்கொள்ளுங்கோ அம்மா, கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார்" என்று அனுப்பிவைத்தேன். அவரும் என் சொல்லைக் கேட்டுச் சட்டத்தரணியிடம் போகாமல் இருந்துவிட்டார். பிறருடைய உரித்தை ஏற்காமல், இடையூறின்றிப் பத்து ஆண்டுகள் காணியை அனுபவித்து வந்தவர் அதற்கு உரித்துக் கோர இலங்கையின் 1871ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது என்பதை, காலம் கடந்த பின்னரே அறிந்தேன்.

சகோதரருக்குள் வழக்கைத் தீர்க்கத்தக்க விவேகி ஒருவனும் இல்லையா என்னும் ஐந்தாம் வசனம் என்னைப் போன்ற மூப்பருக்கானது. நீங்களே சகோதரருக்கு அநியாயம் செய்கிறீர்கள் என்னும் எட்டாம் வசனம் கதியாலை நகர்த்தியவருக்கானது. அவரிடம் நான் அதை வாசிக்கவேயில்லை. அவர் காணிக்கையில் தாராளமானவர் என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தப் புதிய மூப்பர்களும் பொறுமையை நட்டப்பட்டவருக்கு மட்டுமே போதித்தார்கள்.

மத்தேயு 18ஐ நடுவில் தொடங்குதல்

குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனித்துப் பேச வேண்டும், கேளாவிட்டால் பின்னர் ஓரிருவருடன், அதன் பிறகே சபைக்கு.

மத்தியஸ்த சபையை நீதிமன்றமாக எண்ணுதல்

1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபை தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் இணங்கவைக்கவே முயல்கிறது. அங்கு போகிறவரைப் பவுலின் பெயரால் தடுப்பது வீண்.

வெள்ளைத்தாளில் காணிச் சமாதானம்

காணியின் உரித்து மாறுமாயின், நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் உறுதி முடிக்க வேண்டும். மூப்பர்களின் கையொப்பமும் ஜெபமும் அதற்கு ஈடாகா.

அடி, பாலியல் கொடுமை

இவை மூப்பர்கள் தீர்க்கும் பிணக்குகள் அல்ல. பொலிஸுக்கு, அன்றைக்கே.