நாரி நோகாமல் பின்பக்கம் வளைவது எப்படி

பின்பக்கம் வளையும் ஆசனங்களைத் தொடங்கும் பலருக்கு முதல் மாதத்திலேயே நாரி நோ, அதாவது கீழ்முதுகு நோ, வந்துவிடுகிறது. உடனே "எனக்கு யோகா சரிவராது" என்று பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே கவலையாக இருக்கும், ஏனென்றால் அந்த நோவுக்கு வயதைவிட, உடம்பின் இறுக்கத்தைவிட, வளைவு வந்த இடம் பிழை என்பதுதான் பெரும்பாலும் காரணம். இடத்தைத் திருத்தலாம், ஆனால் ஆறுதலாகச் செய்ய வேண்டும்.

முதலில் முதுகைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கள். முதுகெலும்பில் கழுத்தில் 7 எலும்புகள், நெஞ்சுக்குப் பின்னால் 12, நாரியில் 5. நடுவில் இருக்கும் அந்த 12 எலும்புகளோடும் விலா எலும்புகள் பூட்டியிருக்கின்றன, அதோடு அவற்றின் பின்முனைகள் கீழ்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் அந்தப் பகுதி பின்பக்கம் அதிகம் போகாது. கழுத்தும் நாரியும் சுலபமாகப் போகும். அப்படியென்றால் நீங்கள் "வளை" என்றதும் உடம்பு என்ன செய்யும்? லேசான வழியைப் பிடிக்கும். நாரியின் அடியில் இருக்கும் கடைசி இரண்டு மூட்டுகளே முழு வளைவையும் சுமக்கும், மற்றதெல்லாம் சும்மா கிடக்கும். அந்த இரண்டு மூட்டுகளும்தான் பிறகு நோகின்றன.

ஆகவே செய்ய வேண்டிய வேலை மூன்று. இடுப்பின் முன்பக்கத்தை இளக்க வேண்டும், நடு முதுகை எழுப்ப வேண்டும், நாரி முந்திக்கொண்டு ஓடாமல் பிடித்து வைக்க வேண்டும்.

இப்போது எப்படி வளைகிறீர்கள் என்று பார்க்க வீட்டில் யாரையாவது பக்கவாட்டில் நின்று போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். நாரியில் ஒரேயொரு இடத்தில் மடிப்பு விழுந்து, அதற்கு மேலே முதுகு தட்டையாக இருந்தால் உங்களுக்கு இந்தக் கட்டுரை தேவை. மாதத்துக்கு ஒருதரம் அதே இடத்தில் அதே ஆசனத்தைப் படம் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் எடுக்காதீர்கள், மாற்றம் அவ்வளவு கெதியாய்த் தெரியாது, மனம்தான் சோர்ந்துபோகும்.

இடம், நேரம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட்டு மூன்று மணித்தியாலமாவது போகட்டும். பனையோலைப் பாய் மினுக்கிய சீமெந்துத் தரையில் வழுக்கும், ஆகவே நின்றோ முழங்காலிட்டோ செய்யும்போது பாயின் ஒரு ஓரம் சுவரில் முட்டிக்கொண்டிருக்கட்டும். சித்திரை, வைகாசி வெயிலுக்குள் வியர்வையில் கை சறுக்கும், விடியற்காலைதான் நல்லது. மார்கழியில் திருவெம்பாவைக்கு எழும்பும் நேரத்திலோ உடம்பு இறுகிக் கிடக்கும். அந்த மாதத்தில் பத்து நிமிடமாவது நடந்தோ சூரிய நமஸ்காரம் செய்தோ சூடேற்றிவிட்டுத் தொடங்குங்கள், அல்லது பின்னேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இடுப்பின் முன்பக்கம். நாரி எலும்புகளின் முன்பக்கத்தில் தொடங்கி இடுப்பைத் தாண்டித் தொடை எலும்பில் போய் முடியும் ஒரு பெரிய தசை இருக்கிறது. அலுவலகக் கதிரையில், ரியூசன் வாங்கில், ஸ்கூட்டியில் என்று நாள் முழுக்க இருந்தால் அது குறுகிவிடும். குறுகிய அந்தத் தசை நீங்கள் பின்னே வளையும்போது நாரியை முன்னுக்கு இழுக்கும். இதற்கு ஒரு காலை முன்னே வைத்து மற்ற முழங்காலை நிலத்தில் ஊன்றும் ஆஞ்சநேயாசனம் போதும், ஆனால் வடிவாய்ச் செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே மடித்த துவாய் ஒன்றை வையுங்கள். முன்னுக்குப் போவதற்கு முதலே வால் எலும்பைக் கீழே இறக்குங்கள், பின்கால் பக்கத்துப் பிட்டத்தை லேசாக இறுக்குங்கள், அதன்பிறகு ஒரு சாண் மட்டும் முன்னே நகருங்கள். தொடையின் மேற்பக்கத்தில் இழுவை வந்தால் சரி. வால் எலும்பை இறக்காமல் முன்னே பாய்ந்தால் தூரம் கூடப் போகலாம், ஆனால் தசை நீளாது, நாரிதான் மடியும். ஒவ்வொரு பக்கமும் ஒரு நிமிடம்.

நடு முதுகுக்கு ஒரு பெரிய துவாயையோ பழைய சாரத்தையோ இறுக்கிச் சுருட்டி, தோள்பட்டை எலும்புகளின் கீழ்நுனி படும் இடத்தில் குறுக்காக வைத்து மல்லாந்து படுங்கள். தலை பின்னே தொங்கினால் தலகணி வையுங்கள். முழங்கால்களை மடித்து, கைகளைப் பக்கத்தில் விட்டு மூன்று தொடக்கம் ஐந்து நிமிடம் மூச்சை மட்டும் கவனியுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. பலர் இதை ஆசனம் என்றே எண்ணாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், வளையாத நடு முதுகுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

அப்புறம் புஜங்காசனம். எல்லாரும் இதை லேசான ஆசனம் என்று நினைத்துக் கையை நீட்டி ஒரேயடியாக மேலே போய்விடுகிறார்கள். நான் சொல்வது, சில மாதங்களுக்குக் கையை நம்பாதீர்கள். குப்புறப் படுத்து நெற்றியை நிலத்தில் வையுங்கள். பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், பத்து விரல் நகங்களும் பாயில் பட வேண்டும், முக்கியமாகச் சின்னவிரல். பாதத்தை அழுத்தும்போது முழங்கால்கள் தாமாகவே சற்று எழும்பும், தொடைகள் உள்நோக்கித் திரும்பும். அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் எலும்பை நிலத்தில் பதியுங்கள், வால் எலும்பு குதிக்காலை நோக்கிப் போகட்டும். நாரியைப் பிடித்து வைப்பது இதுதான். இப்போது உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் வைத்து, முழங்கைகள் உடம்போடு ஒட்ட, மூச்சை இழுத்துக்கொண்டே நெஞ்சை முன்னுக்குத் தள்ளி எழும்புங்கள். மேலே போக நினைக்காமல் முன்னே போக நினையுங்கள். தோள்கள் காதைவிட்டு விலகட்டும், கழுத்து கடைசியாக வரட்டும். அந்த இடத்தில் நின்று உள்ளங்கைகளை நிலத்திலிருந்து ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். எவ்வளவு கீழே இறங்குகிறீர்களோ அவ்வளவும் கை தந்த உயரம். மிஞ்சியதுதான் உங்கள் முதுகின் உயரம், அந்த உயரத்தில்தான் பயிற்சி செய்ய வேண்டும். ஐந்து மூச்சு, மூன்று தரம். மூச்சு தொண்டையில் முட்டினால் கூடப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு விரல் இறங்குங்கள்.

குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனமும் இதே கணக்குத்தான், காலை உயர்த்துவதைவிடப் பின்னுக்கு நீட்டுவதில் கவனம் வையுங்கள். மல்லாந்து முழங்கால் மடித்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனத்தில் முழங்கால்கள் வெளியே விரியாமல் இருக்க, தொடைகளுக்கு நடுவில் ஒரு தடித்த கொப்பியை வைத்து அது விழாமல் இடுப்பைத் தூக்குங்கள். குதிக்கால் முழங்காலுக்கு நேர் கீழே இருக்கட்டும்.

முழங்காலில் நின்று பின்னே வளைந்து குதிக்காலைப் பிடிக்கும் உஷ்டிராசனத்தைச் சுவரைப் பார்த்துச் செய்யுங்கள். முழங்காலிட்டு, தொடைகளின் முன்பக்கத்தைச் சுவரில் ஒட்டி, உள்ளங்கைகளை நாரிக்குக் கீழே வைத்து நெஞ்சைத் தூக்குங்கள். தொடை சுவரைவிட்டு விலகும் கணத்தில் நிற்பாட்டுங்கள். குதிக்காலைப் பிடிக்கும் அவசரத்தில் இடுப்பைப் பின்னே விட்டால் முழுப் பாரமும் மறுபடி நாரிக்குத்தான் போகும். கை எட்டவில்லையென்றால் கால்விரல்களை ஊன்றிக் குதிக்காலை உயர்த்திக்கொள்ளலாம்.

மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் ஊன்றி உடம்பை வில்லாகத் தூக்கும் சக்கராசனத்துக்குப் போகலாமா என்று சுவர் சொல்லும். முதுகைச் சுவரில் சாய்த்து நின்று, முழங்கையை மடிக்காமல் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். கை சுவரைத் தொடுவதற்கு முதலே விலா முன்னே துருத்தி நாரி சுவரைவிட்டு எழும்பினால் தோள்மூட்டு இன்னும் தயாரில்லை. தோள் திறக்காத இடத்தை நாரிதான் ஈடுகட்டும். யூன் 21 யோகா தினத்தில் செய்து காட்ட வேண்டும் என்று வைகாசியில் சக்கராசனம் தொடங்குவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தசை சில கிழமைகளில் இளகிவிடும், ஆனால் மூட்டுகளைக் கட்டியிருக்கும் சவ்வுகளுக்கு இரத்த ஓட்டம் குறைவு, அவை மாறுவதற்கு மாதக்கணக்கு வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் பயிற்சி விட்டுப்போனால் பரவாயில்லை, திரும்பத் தொடங்கும்போது விட்ட இடத்தில் தொடங்காமல் துவாய்ச் சுருளில் தொடங்குங்கள்.

பரதம் பழகும் பிள்ளைகளுக்கும் இயல்பிலேயே உடம்பு வளைபவர்களுக்கும் ஒரு சொல். உங்களுக்குத்தான் பொறுமை கூட வேண்டும். இறுகிய உடம்பு உரிய இடத்தில் நின்றுவிடும், இளகிய உடம்பு நிற்காது. முதல் நாளே குதிக்காலைப் பிடிக்கும் பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டாமல், பாதி வளைவில் நிற்கச் சொல்லிப் பழக்குங்கள்.

தொடையின் முன்பக்கத்தில் இழுவை, நடு முதுகில் களைப்பு, இவை சரி. நாரியில் குத்து, காலுக்குள் ஓடும் மின்னல்போன்ற நோ, விறைத்து மரத்துப்போதல் வந்தால் உடனே இறங்குங்கள், தொடர்ந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். முள்ளந்தண்டு எலும்பு விலகியவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்தமோ இருந்தால் தலை கீழே தொங்கும் சக்கராசனம் வேண்டாம்.

முடித்ததும் சட்டென்று குனிந்து காலைத் தொடாதீர்கள். ஒரு நிமிடம் சும்மா படுங்கள், பிறகு மல்லாந்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டுவாருங்கள், இரண்டு பக்கமும் மெல்லத் திருகுங்கள். கிழமைக்கு மூன்று அல்லது நான்கு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அடுத்த நாள் காலையில் எழும்பும்போது நாரி இறுகியிருந்தால், அடுத்த தரம் உஷ்டிராசனத்தை விட்டுவிட்டுத் துவாய்ச் சுருளையும் கை தூக்கிய புஜங்காசனத்தையும் மட்டும் செய்யுங்கள்.