டிபென்டன்சி இருக்கிறதா என்று செட்டப்பே பார்த்து நிறுவட்டும்: இன்னோ செட்டப்பில் படிப்படியாக

சவுகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லேப்டாப்பில் அது அருமையாக ஓடுகிறது. கடையில் இருப்பதோ ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். விண்டோஸை மட்டும் புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஐகானைத் தட்டியதும் ‘விசிரன்டைம்140 டிஎல்எல் இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. டிஎல்எல் என்பது நிரல்கள் அழைத்துப் பயன்படுத்தும் துணைக் கோப்பு. “தம்பி, சாஃப்ட்வேர் ஓப்பனே ஆவல, என்னன்னு பாரு” என்று கடைக்காரர் போன் செய்கிறார்.

உங்கள் கணினியில் விஷுவல் ஸ்டூடியோ இருக்கிறது. தேவையான ரன்டைம்களை (நிரல் ஓடுவதற்கு நம்பியிருக்கும் துணை மென்பொருள்கள்; தலைப்பில் டிபென்டன்சி என்றது இவற்றைத்தான்) அதுவே உள்ளே போட்டுவிடும் என்பதால் இந்தக் குறை உங்கள் கண்ணில் படாது. கடைக்காரருக்கு ரன்டைம் என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அந்தப் பொறுப்பு முழுக்க உங்கள் இன்ஸ்டாலருடையது, அதாவது செட்டப்புடையது. அது செய்ய வேண்டியவை மூன்று: இருக்கிறதா என்று பார்ப்பது, இல்லாவிட்டால் மட்டும் நிறுவுவது, நிறுவியபின் மறுபடி பார்ப்பது. பெரும்பாலான செட்டப்கள் இரண்டாவதோடு நின்றுவிடுகின்றன.

இங்கே இன்னோ செட்டப் என்ற இலவசக் கருவியை எடுத்துக்கொள்கிறேன். ஜோர்டன் ரஸ்ஸல் 1997-இல் வெளியிட்ட இது இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இதற்குள்ளேயே பாஸ்கல் மொழியில் நிரலும் எழுதலாம். கட்டளைகளையும் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: எது தேவை என்று முதலில் எழுதி வையுங்கள்

நம் பில்லிங் மென்பொருள் சி ஷார்ப்பில், டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8-க்காக எழுதியது. தெர்மல் பிரிண்டரை இயக்க சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய ஒரு டிஎல்எல்லும் கூடவே இருக்கிறது. ஆகத் தேவை இரண்டு: டாட் நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் (அந்த டிஎல்எல்லுக்கான ரன்டைம்; சுருக்கமாக விசி பிளஸ் பிளஸ்).

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 32 பிட்டா, 64 பிட்டா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பார்க்க வேண்டியது விண்டோஸின் பிட் கணக்கை அல்ல, உங்கள் நிரலின் பிட் கணக்கை. 64 பிட் விண்டோஸில் ஓடினாலும் 32 பிட் நிரலுக்கு 32 பிட் ரன்டைம்தான் வேண்டும். இரண்டையும் கலந்துவிட்டால் 0xc000007b என்ற பிழை வரும். அந்த எண்ணை எங்கே பார்த்தாலும் முதலில் பிட் கணக்கைச் சந்தேகப்படுங்கள்.

காணாத டிஎல்எல்லை ஏதோ ஒரு இணையதளத்திலிருந்து தனியாக இறக்கி சிஸ்டம்32 கோப்புறையில் போடும் பழக்கம் நம் ஊரில் நிறைய இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். யார் கொடுத்த கோப்பு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பணம் புழங்கும் கணினியில் அந்த ஆபத்தை ஏற்க எந்தக் காரணமும் இல்லை. மைக்ரோசாஃப்ட் தரும் முழு நிறுவியையே பயன்படுத்துங்கள்.

படி 2: ரெஜிஸ்ட்ரியிடம் கேளுங்கள்

விண்டோஸ் தன் அமைப்புகளையும் நிறுவியவற்றின் விவரங்களையும் குறித்து வைக்கும் இடம் ரெஜிஸ்ட்ரி. அதில் எச்கேஎல்எம் என்பது கணினி முழுவதற்குமான பகுதி. டாட் நெட் ஃப்ரேம்வொர்க்குக்குப் போக வேண்டிய இடம்: எச்கேஎல்எம் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → நெட் ஃப்ரேம்வொர்க் செட்டப் → என்டிபி → வி4 → ஃபுல். அங்கே ‘ரிலீஸ்’ என்ற பெயரில் ஓர் எண் இருக்கும். அது 528040 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4.8 இருக்கிறது என்று பொருள். சமமா என்று சோதிக்காதீர்கள். விண்டோஸ் 10-இன் மே 2019 அப்டேட்டில் 528040 இருக்கும், வேறு பல விண்டோஸ்களில் அதே 4.8-க்கு 528049 போன்ற வேறு எண் இருக்கும். 4.8.1-க்கு 533320, 533325 போன்றவை. ‘பெரியது அல்லது சமம்’ என்று எழுதினால் எல்லாம் அடங்கிவிடும். 4.x வரிசையில் புதியது வரும்போது பழையதன் இடத்தை அதுவே எடுத்துக்கொள்வதால் இந்த விதி செல்லும்.

இதே விதியை டாட் நெட் 8, 9 போன்ற புதிய வரிசைக்குக் கொண்டுபோகாதீர்கள். தொடக்கக்காரர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். அங்கே ஒவ்வொரு பெரிய பதிப்பும் தனித்தனியாகப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். கணினியில் 9 இருந்தாலும் 8-க்காக எழுதிய நிரல், நீங்கள் தனியாக அனுமதி கொடுத்திருந்தாலொழிய, இயல்பில் ஓடாது. 8.0-க்குள் உள்ள சிறு பதிப்புகளுக்கு மட்டுமே ‘பெரியது போதும்’ என்பது செல்லும். அந்த வரிசையில் எழுதுகிறவர்களுக்கு என் யோசனை: ரன்டைமை நிரலோடு சேர்த்தே பப்ளிஷ் செய்யும் ‘செல்ஃப் கன்டெய்ன்ட்’ முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு நூறு எம்பியைத் தாண்டலாம். ஆனால் டாட் நெட் இருக்கிறதா என்று தேடும் வேலையே இல்லாமல் போகும்.

விசி பிளஸ் பிளஸ்ஸுக்கு: எச்கேஎல்எம் → சாஃப்ட்வேர் → மைக்ரோசாஃப்ட் → விஷுவல்ஸ்டூடியோ → 14.0 → விசி → ரன்டைம்ஸ் → எக்ஸ்64 (32 பிட்டுக்கு எக்ஸ்86). ‘இன்ஸ்டால்டு’ 1 என்று இருந்தால் மட்டும் போதாது. 2015 முதல் 2022 வரையிலான விஷுவல் ஸ்டூடியோக்கள் எல்லாமே இந்த 14 வரிசையையே பகிர்ந்துகொள்கின்றன. 2022-இல் உருவாக்கிய டிஎல்எல்லுக்கு 2015-இன் பழைய ரன்டைம் போதாது. அதனால் ‘மேஜர்’, ‘மைனர்’, ‘பிஎல்டி’ (பில்ட் என்பதன் சுருக்கம்) எண்களையும் பாருங்கள். எண்ணாக ஒப்பிடுங்கள், எழுத்தாக ஒப்பிடாதீர்கள். எழுத்தாக ஒப்பிட்டால் 14.9 என்பது 14.38-ஐவிடப் பெரியது என்று விடை வரும்.

இன்னொன்று: செட்டப் 32 பிட்டாக ஓடினால், ரெஜிஸ்ட்ரியைக் கேட்கும்போது விண்டோஸ் அதை ‘வாவ்6432நோட்’ என்ற வேறு அறைக்குத் திருப்பிவிடும். 64 பிட் ரன்டைமைத் தேடும்போது எச்கேஎல்எம் என்பதற்குப் பதிலாக எச்கேஎல்எம்64 என்று எழுதுங்கள். இருக்கிற ஒன்றை இல்லை என்று செட்டப் சொல்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுவே.

படி 3: கையோடு கொண்டுபோவதா, இணையத்திலிருந்து இறக்குவதா?

இன்னோ செட்டப் 6.1 பதிப்பிலிருந்து டவுன்லோட் பக்கம் உள்ளேயே வருகிறது. செட்டப் சின்னதாக இருக்கும், தேவைப்பட்டால் மட்டும் இறக்கும். பார்க்க வசதிதான். ஆனால் தங்கசாலைத் தெருவிலும் கோயம்பேட்டிலும் பல கடைகளில் இணையம் என்றால் முதலாளியின் மொபைல் ஹாட்ஸ்பாட்தான். டாட் நெட் 4.8-இன் முழு நிறுவி நூறு எம்பிக்கு மேல். விசி பிளஸ் பிளஸ் 64 பிட் நிறுவி சுமார் 25 எம்பி. பென்டிரைவில் கொண்டுபோகும் மென்பொருளுக்கு இரண்டையும் செட்டப்பிலேயே வைத்துவிடுங்கள் என்பதே என் கருத்து.

இறக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு சங்கதி. இறக்கிய கோப்பு சரியானதா என்று பார்க்க எஸ்எச்ஏ 256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) நிரலில் எழுதி வைக்கலாம். மைக்ரோசாஃப்டின் ‘எப்போதும் புதியது’ சுட்டியை அதோடு சேர்க்காதீர்கள். அவர்கள் கோப்பைப் புதுப்பிக்கும் அன்று மதிப்பு மாறும், உங்கள் செட்டப் நின்றுவிடும்.

படி 4: நிறுவுங்கள், விடையைக் கவனியுங்கள்

பல வழிகாட்டிகள் இன்னோ செட்டப் நிரலின் ‘ரன்’ பகுதியில் ஒரு வரி எழுதி, ‘செக்’ என்ற இடத்தில் உங்கள் சோதனையைக் கொடுக்கச் சொல்லும். அது வேலை செய்யும். ஆனால் உங்கள் கோப்புகள் எல்லாம் காப்பி ஆன பிறகே ஓடும். நிறுவல் தோற்றாலும் உங்களுக்குத் தெரியாது.

அதைவிட நல்ல இடம் ‘பிரிப்பேர்டூஇன்ஸ்டால்’ என்ற செயற்கூறு (ஃபங்ஷன்). எந்தக் கோப்பும் காப்பி ஆவதற்கு முன் இது ஓடும். இது வெற்றுச் சொல்லைத் திருப்பித் தந்தால் செட்டப் மேலே போகும். ஏதாவது வாசகத்தைத் தந்தால் அதைத் திரையில் காட்டிவிட்டு அங்கேயே நிற்கும். கடைக்காரரின் கணினியில் பாதி நிறுவிய மென்பொருள் கிடக்காது.

உள்ளே எழுத வேண்டிய வரிசை இது. படி 2-இன் சோதனையை அழையுங்கள். இல்லை என்றால் ‘எக்ஸ்ட்ராக்ட்டெம்பரரிஃபைல்’ மூலம் நிறுவியைத் தற்காலிகக் கோப்புறைக்கு எடுங்கள். இதற்கு ஃபைல்ஸ் பகுதியில் அந்தக் கோப்புக்கு ‘டோன்ட்காப்பி’ கொடுத்திருக்க வேண்டும். சாலிட் கம்ப்ரஷன் (கோப்புகளை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்குவது) வைத்திருந்தால் அந்த வரிகளைப் பட்டியலின் மேலே வையுங்கள், எடுக்கும் நேரம் குறையும். பிறகு ‘எக்ஸெக்’ கொண்டு ஓட்டி, முடியும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.

விசி பிளஸ் பிளஸ் நிறுவிக்குக் கொடுக்க வேண்டியவை: /இன்ஸ்டால் /பாஸிவ் /நோரீஸ்டார்ட். ‘பாஸிவ்’ இடத்தில் ‘கொயட்’ கொடுத்தால் திரையில் ஒன்றும் தெரியாது. டாட் நெட் நிறுவல் பழைய கணினியில் பல நிமிடம் எடுக்கும். அசையாத திரையைப் பார்த்தால் யாராக இருந்தாலும் ‘ஹேங் ஆயிடுச்சு’ என்று சுவிட்சை அணைத்துவிடுவார்கள். ஓடும் பட்டை கண்ணில் படட்டும். ‘நோரீஸ்டார்ட்’ மட்டும் கட்டாயம். பில் போட்டுக்கொண்டிருக்கும் கணினி கேட்காமல் ரீஸ்டார்ட் ஆகக் கூடாது.

முடிந்ததும் ஓர் எக்ஸிட் கோட், அதாவது நிறுவல் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண், வரும். 0 என்றால் வெற்றி. 3010 என்றாலும் வெற்றிதான், ரீஸ்டார்ட் மட்டும் தேவை. தொடக்கக்காரர்கள் ‘0 இல்லையென்றால் தோல்வி’ என்று எழுதி, நல்லபடியாக முடிந்த நிறுவலைத் தள்ளிவிடுகிறார்கள். 3010 வந்தால் ஒரு மாறியில் குறித்து வைத்து, ‘நீட்ரீஸ்டார்ட்’ செயற்கூறில் ஆம் என்று சொல்லுங்கள். கடைசித் திரையில் செட்டப்பே கேட்டுக்கொள்ளும். விசி பிளஸ் பிளஸ் 1638 தந்தால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள், மேலே போகலாம். 1602 என்றால் பயனர் ரத்து செய்திருக்கிறார். 1618 என்றால் வேறு ஏதோ நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, சற்றுப் பொறுத்து மறுபடி முயலச் சொல்லுங்கள். டாட் நெட் 5100 தந்தால் அந்தக் கணினி 4.8-க்கு வேண்டிய தகுதிகளைப் பெற்றிருக்கவில்லை.

இந்தச் செய்திகளைத் தமிழில் எழுதுங்கள். ‘பிழை 1618’ என்று காட்டினால் யாருக்கும் பயனில்லை. “வேறொரு மென்பொருள் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் மீண்டும் தொடங்குங்கள்” என்று காட்டினால் கடைக்காரரே பார்த்துக்கொள்வார்.

படி 5: மறுபடி கேளுங்கள்

எக்ஸிட் கோட் 0 வந்த பிறகும் அதே ரெஜிஸ்ட்ரி சோதனையை இன்னொரு முறை அழையுங்கள். ஒரே ஒரு வரிதான். 64 பிட் வேண்டிய இடத்தில் 32 பிட் நிறுவியைத் தவறுதலாக வைத்திருந்தால் அதுவும் 0 என்றுதான் சொல்லும். இந்தச் சோதனைதான் அதைப் பிடிக்கும். 3010 வந்திருந்தால் மட்டும் இந்த முடிவை வைத்து நிறுத்த வேண்டாம், ரீஸ்டார்ட்டுக்குப் பின்தான் எல்லாம் உறுதியாகும்.

படி 6: வெறும் விண்டோஸில் சோதியுங்கள்

உங்கள் லேப்டாப்பில் சோதிப்பது சோதனையே ஆகாது. விண்டோஸ் புரோ இருந்தால் ‘விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்’ வசதியை இயக்குங்கள், திறக்கும்போதெல்லாம் புத்தம் புதிய விண்டோஸ் கிடைக்கும். மூடினால் எல்லாம் அழிந்துவிடுவதால் ரீஸ்டார்ட் சம்பந்தப்பட்டதை அதில் நம்பிச் சோதிக்காதீர்கள். அதற்கும், ஹோம் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) நல்லது. விண்டோஸ் போட்டதும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலையின் பதிவு) எடுத்து வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் அதற்கே திரும்புங்கள். எதுவுமே இல்லாத கணினி, பழைய ரன்டைம் உள்ள கணினி, எல்லாம் உள்ள கணினி, மூன்றிலும் ஓட்டுங்கள். மூன்றாவதில் செட்டப் எதையும் நிறுவாமல் நேரே போக வேண்டும்.

அன்இன்ஸ்டால் செய்யும்போது ரன்டைமைத் தொடாதீர்கள். அதே கணினியில் கணக்கு எழுதும் வேறொரு மென்பொருளும் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம்.

செட்டப் பகுதியில் ‘செட்டப்லாகிங்’ என்பதை ‘யெஸ்’ என்று வையுங்கள். நடந்தது அனைத்தும் பயனரின் டெம்ப் கோப்புறையில் ஒரு கோப்பாகப் பதிவாகும். ஒவ்வொரு எக்ஸிட் கோடையும் ‘லாக்’ கட்டளையால் அதில் நீங்களே எழுதி வைத்தால், கடைக்காரர் போன் செய்யும்போது அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும்.