வலையமைப்பில் உள்ள அலுவலக அச்சுப்பொறிக்குப் பாதுகாப்பு அமைக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டுப் பத்திரங்களைக் கையாளும் ஒரு சிறு வழக்கறிஞர் அலுவலகத்திலோ, சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஒரு சொத்துத் தரகர் அலுவலகத்திலோ நகல் இயந்திரத்தைத் தொடாமல் கோப்புக்குள் போகும் தாள் அநேகமாக இருக்காது. பணமோசடியைத் தடுக்கும் ஃபிக்கா சட்டம் கேட்கிறது என்பதற்காக ஒவ்வொரு வாடிக்கையாளரின் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் அதில்தான் ஸ்கேன் செய்யப்படுகின்றன. அப்படி வாங்கிய தகவலைத் தகுந்த தொழில்நுட்ப ஏற்பாடுகளோடு காக்க வேண்டும் என்று தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. தகவல் வேற்று ஆளின் கைக்குப் போனதாக நம்பக் காரணம் இருந்தால், தகவல் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் உரியவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. இந்தக் கடமைகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருந்தும், கணினிகளுக்கு வைரஸ் தடுப்பு வாங்கிய பல அலுவலகங்கள் அச்சுப்பொறியை மேசை நாற்காலிகளோடு சேர்த்துத்தான் எண்ணுகின்றன.

முதலில் இயந்திரத்தின் திரையிலிருந்து அமைப்பு விவரப் பக்கத்தை அச்சிட்டுக்கொள்ளுங்கள். ஐபி முகவரி, ஃபர்ம்வேர் எனப்படும் உள் மென்பொருளின் பதிப்பு, வரிசை எண், திறந்திருக்கும் நெறிமுறைகள் (மற்றக் கணினிகளோடு பேசும் முறைகள்) ஆகியவை அதில் இருக்கும். அந்த ஐபி முகவரியை உங்கள் கணினியின் பிரவுசரில் இட்டால் இயந்திரத்தின் நிர்வாகப் பக்கம் திறக்கும். ரிக்கோவில் அதை வெப் இமேஜ் மானிட்டர் என்பார்கள், கேனானில் ரிமோட் யுஐ, கியோசெராவில் கமாண்ட் சென்டர் ஆர்எக்ஸ். பெயரும் மெனுவின் வரிசையும் மாறினாலும், கீழே சொல்லும் அமைப்புகள் அலுவலக இயந்திரங்கள் பெரும்பாலானவற்றில் உண்டு.

நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றுவதே முதல் வேலை. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனிக் கடவுச்சொல் ஒட்டி வருகிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 ஜூனில் ராபிட்7 நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, பிரதர் நிறுவனத்தின் பல நூறு மாடல்களில் அந்தக் கடவுச்சொல்லை இயந்திரத்தின் வரிசை எண்ணிலிருந்தே கணக்கிட்டுவிட முடிந்தது. வரிசை எண்ணையோ, பல மாடல்களில் உள்நுழையாமலே வலையமைப்பு வழியாகக் கேட்டு வாங்க முடிந்தது. ஏற்கெனவே விற்ற இயந்திரங்களில் இந்தக் குறையை ஃபர்ம்வேரால் முழுமையாகச் சரிசெய்ய முடியாததால், கடவுச்சொல்லை மாற்றுவதே அவற்றுக்குத் தீர்வாக அறிவிக்கப்பட்டது. ஆகவே நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு கடவுச்சொல்லை வையுங்கள். அதை இயந்திரத்தின் மூடியில் ஒட்டி வைக்காதீர்கள். அதே அமர்வில் ஃபர்ம்வேரையும் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதுப்பித்துவிடலாம்.

அடுத்ததாகப் பெரும்பாலான வழிகாட்டிகள் போர்ட்டுகளை, அதாவது வலையமைப்பிலிருந்து இயந்திரத்துக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல்களை, மூடச் சொல்லும். எனக்கு அந்த வரிசையில் உடன்பாடில்லை. அச்சுப்பொறி எதைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஸ்கேன் செய்த தாளை சர்வரில் உள்ள ஒரு கோப்புறைக்கு அனுப்ப, அதற்கு ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தரப்பட்டிருக்கும். நிர்வாகப் பக்கத்தில் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, எந்தக் கணக்கு அங்கே இருக்கிறது என்று பாருங்கள். இயந்திரத்தை நிறுவ வந்தவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சர்வரின் நிர்வாகி கணக்கையே அங்கு போட்டிருந்தால், அந்த அச்சுப்பொறி உங்கள் சர்வரின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பறையில் நிற்கிறது.

கடவுச்சொல் திரையில் புள்ளிகளாகத்தானே தெரிகிறது என்று ஆறுதல் கொள்ள இடமில்லை. நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்த ஒருவர் கடவுச்சொல்லைத் தொடாமல் சர்வரின் முகவரியை மட்டும் தன் மடிக்கணினியின் முகவரியாக மாற்றிவிட்டு, சோதனைப் பொத்தானை அழுத்தினால் போதும். இயந்திரம் தன்னிடம் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும், அல்லது அதை உடைப்பதற்குப் போதுமான தரவை, அவருக்கே அனுப்பிவிடும். ஊழியர் பட்டியலைத் தேட உதவும் எல்டேப் அமைப்பிலும் இதே வழி உண்டு. ஜெராக்ஸ் வெர்சாலிங்க் இயந்திரங்களில் இத்தகைய குறைகள் 2025 பிப்ரவரியில் வெளியாகின.

எனவே ஸ்கேனுக்கென்றே சர்வரில் தனிக் கணக்கு ஒன்றை உருவாக்குங்கள். அந்தக் கணக்குக்கு ஒரே ஒரு கோப்புறையில் எழுதும் உரிமை மட்டும் இருக்கட்டும். மற்றக் கோப்புறைகளைப் படிக்கவோ, கணினியில் நேரடியாக உள்நுழையவோ அதற்கு அனுமதி வேண்டாம். பழைய இயந்திரங்கள் சில எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் முதலாம் பதிப்பில் மட்டுமே கோப்பு அனுப்பும். அதற்காக விண்டோஸில் அணைக்கப்பட்டிருந்த அந்தப் பதிப்பை மறுபடி இயக்கிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னக்ரை 2017 மே மாதம் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தும் இரண்டாம் அல்லது மூன்றாம் பதிப்பு வரவில்லையென்றால், ஸ்கேனை மின்னஞ்சலுக்குத் திருப்பிவிட்டு, அதற்கும் தனி அஞ்சல் கணக்கு வைப்பது மேல்.

இனி நெறிமுறைகளுக்கு வரலாம். முதலில் நிர்வாகப் பக்கத்தைக் குறியாக்கத்தோடு திறக்கும் ஹெச்டிடிபிஎஸ் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு சாதாரண ஹெச்டிடிபியை அணையுங்கள். வரிசை மாறினால் நீங்களே உள்ளே போக முடியாது. பிரவுசர் காட்டும் சான்றிதழ் எச்சரிக்கை, இயந்திரம் தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழால் வருவது. அந்தக் குறியாக்கத்தைச் செய்யும் டிஎல்எஸ்ஸில் 1.2க்குக் குறைந்த பதிப்புகளை நீக்குங்கள். தகவலை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட், எஃப்டிபி இரண்டையும் யோசிக்காமல் அணைக்கலாம். ரூட்டர் இல்லாமல் நேரடியாக இணைக்கும் வைஃபை டைரக்ட், யாரும் பயன்படுத்தவில்லையென்றால், அதுவும் போகட்டும். 515ஆம் போர்ட்டில் இயங்கும் எல்பிடி என்ற பழைய அச்சு நெறிமுறையைப் பழைய மென்பொருள் ஏதாவது நம்பியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு மூடுங்கள்.

இயந்திரத்தின் நிலையைத் தொலைவிலிருந்து கேட்டறிய உதவும் எஸ்என்எம்பியில் மட்டும் நிதானம் வேண்டும். முதல் இரண்டு பதிப்புகளில் அதன் கடவுச்சொல் பெரும்பாலும் பப்ளிக் என்ற சொல்லாகவே இருக்கும், அதுவும் மறைக்கப்படாமல் வலையமைப்பில் பயணிக்கும். ஆனால் இங்கே பல அலுவலகங்கள் நகல் இயந்திரத்தை மாத வாடகைக்கு எடுத்திருக்கின்றன. பக்கக் கணக்கை வாடகை நிறுவனம் தொலைவிலிருந்து படிக்கும் ஏற்பாடு பெரும்பாலும் எஸ்என்எம்பியை நம்பியிருக்கிறது. அதை அணைத்தால் அடுத்த மாத விலைப்பட்டியல் உத்தேசக் கணக்கில் வரும். மூன்றாம் பதிப்புக்கு மாற்ற முடியுமா என்று அவர்களிடம் கேளுங்கள். முடியாதென்றால், எழுதும் உரிமையை நீக்கி, படிக்கும் உரிமை தரும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றி, கணக்கெடுக்கும் அந்த ஒரு கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

எந்தெந்த ஐபி முகவரிகள் இயந்திரத்தோடு பேசலாம் என்று வரையறுக்கும் வடிகட்டி பெரும்பாலான அலுவலக இயந்திரங்களில் உண்டு. சேமிக்கும் முன் உங்கள் கணினியின் முகவரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வசதியுள்ள அலுவலகங்கள் அச்சுப்பொறிகளுக்குத் தனி விலான் (பிரித்து வைத்த வலையமைப்புப் பகுதி) ஒதுக்கிவிடலாம். விருந்தினர் வைஃபையிலிருந்து அச்சிடும் வசதி வேண்டாம். ரூட்டரில் அச்சுக்குப் பயன்படும் 9100, 631, 515 ஆகிய போர்ட்டுகள் வெளியுலகுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தால் இன்றே நீக்குங்கள். 2018 நவம்பரில் உலகெங்கும் ஏறத்தாழ 50,000 அச்சுப்பொறிகள் ஒரு யூடியூபரை ஆதரிக்கும்படி தாமாகவே தாள் அடித்தது, இணையத்துக்குத் திறந்து கிடந்த போர்ட்டுகளால்தான். அன்று வீணானது தாளும் மையும் மட்டுமே என்பது அந்த அலுவலகங்களின் அதிர்ஷ்டம்.

மின்வெட்டு முன்போல் இல்லையென்றாலும், மின்சாரம் போய் வருவதைக் கணக்கில் எடுத்தே அமைக்க வேண்டும். மீண்டும் இயங்கும்போது அச்சுப்பொறிக்கு வேறு ஐபி முகவரி கிடைத்தால் நீங்கள் எழுதிய விதிகள் பொருந்தாமல் போகும். ஆகவே ரூட்டரில் அதற்கு நிலையான முகவரியை ஒதுக்குங்கள். கடிகாரம் பின்னோக்கிப் போய்விட்டால் சான்றிதழ்கள் பிழை காட்டும், பதிவேட்டின் நேரங்கள் எதற்கும் உதவாது. நேரத்தை, வலையமைப்பு வழியே சரியான நேரம் தரும் என்டிபி சர்வரிலிருந்து எடுக்கச் சொல்லி, நேர மண்டலத்தை யுடிசி+2 என்று வையுங்கள். சில இயந்திரங்கள் பாதியில் நின்ற வேலைகளை மின்சாரம் வந்ததும் தொடர்ந்து அச்சிடும். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ஒரு வாடிக்கையாளரின் வங்கி அறிக்கை தட்டில் வந்து விழுந்தால், காலையில் அதை முதலில் பார்ப்பவர் யார் என்பது நம் கையில் இல்லை. ரகசிய எண்ணை (PIN) இயந்திரத்தின் முன்னால் நின்று இட்டால் மட்டுமே தாள் வெளிவரும் அமைப்பை இயக்கி, எடுக்கப்படாத வேலைகள் சில மணி நேரத்தில் அழியும்படி வையுங்கள்.

உள்ளே வன்தட்டு இருந்தால் அதன் குறியாக்கத்தையும், ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் மேலெழுதி அழிக்கும் வசதியையும் இயக்குங்கள். வாடகைக் காலம் முடிந்து இயந்திரம் திரும்பிப் போகும் நாளுக்கு இது மிக முக்கியம். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம், வன்தட்டை அழிக்காமல் வாடகை நகல் இயந்திரங்களைத் திருப்பிக் கொடுத்த வழக்கில் 2013இல் 12,15,780 டாலர் செலுத்த நேர்ந்தது. மீட்டெடுக்க முடியாதபடி பதிவுகளை அழிக்க வேண்டும் என்பது போப்பியாவின் 14ஆம் பிரிவிலும் இருக்கிறது. வன்தட்டை யார் அழிப்பது, அல்லது கழற்றி உங்களிடம் தருவது என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கடைசி நாளில் லாரியோடு வருகிறவரிடம் கேட்டுப் பயனில்லை.

எல்லாம் முடிந்ததும், உங்கள் அலுவலக வலையமைப்பில் உள்ள வேறொரு கணினியிலிருந்து என்மேப் கருவியால் அச்சுப்பொறியின் போர்ட்டுகளைச் சோதியுங்கள். சேவைகளின் பதிப்பைக் கண்டறியும் சோதனை 9100ஆம் போர்ட்டைத் தொட்டால் சில இயந்திரங்கள் புரியாத எழுத்துகளைப் பக்கம் பக்கமாக அச்சிடும். அதனால்தான் என்மேப் அந்தச் சோதனையில் அந்தப் போர்ட்டைத் தானாகவே தவிர்க்கிறது, நீங்களும் அதை வற்புறுத்த வேண்டாம். பிறகு அமைப்பு விவரப் பக்கத்தை மறுபடி அச்சிட்டு, பழையதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். பழுது பார்க்க வருகிறவர் இயந்திரத்தை ஆலையிலிருந்து வந்த தொடக்க நிலைக்குத் திருப்பிவிட்டால் மேற்சொன்னவை அனைத்தும் ஒரே நொடியில் போய்விடும் என்பதால், ஒவ்வொரு பழுதுபார்ப்புக்குப் பின்னும் ஒரு புதுப் பக்கத்தை அச்சிட்டு அந்தக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவருடைய வேலைச் சீட்டில் கையெழுத்திடுங்கள்.