யூ ஹோங் ஓவியங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

சீனப் பெண் ஓவியர் யூ ஹோங்கின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நிற்பவை தங்க நிறப் பின்னணியில் மனிதர்கள் மிதப்பதும் விழுவதுமாக இருக்கும் பிரம்மாண்டமான ஓவியங்கள்தான். அதில் ஆரம்பிக்காதீர்கள். கண் விரியும், ஆனால் வரைந்தவர் யாரென்று பிடிபடாது. 1999-ல் தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாக அவர் சேர்த்துவரும் 'வளர்ச்சியின் சாட்சி' வரிசையை முதலில் எடுங்கள்.

அதன் அமைப்பு ரொம்ப எளிது. அவர் பிறந்தது 1966-ல், சீனாவில் மாவோவின் கலாச்சாரப் புரட்சி என்ற அரசியல் கொந்தளிப்பு தொடங்கிய அதே ஆண்டு. அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் தன்னை ஒரு படமாக வரைகிறார், பெரும்பாலும் வீட்டுப் புகைப்படத்தைப் பார்த்து. பக்கத்திலேயே அந்த ஆண்டின் செய்தித்தாளிலோ பத்திரிகையிலோ வந்த ஒரு பக்கம். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால் பத்திரிகைப் பக்கம் ஜெயித்துவிடும், ஏனென்றால் செய்தியை நாம் படித்துவிடுகிறோம். அதனால் அந்தப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குழந்தையை மட்டும் பாருங்கள்: நிற்கிற விதம், உடுப்பு, புகைப்படம் எடுப்பவரைப் பார்க்கிறதா இல்லையா. அப்புறம் கையை எடுங்கள். நாடே கொந்தளித்துக்கொண்டிருக்கும்போது இங்கே ஒரு சிறுமி சும்மா நின்றுகொண்டிருப்பாள். செய்திக்கு விளக்கப்படமாக அவர் தன்னை வரையவில்லை. இரண்டுக்கும் என்ன உறவென்று சொல்லவும் இல்லை, அதுதான் இந்த வரிசையின் பலம்.

1994-ல் மகள் பிறக்கிறாள். அதிலிருந்து ஆண்டுக்கு மூன்று: அம்மா, மகள், பத்திரிகை. இங்கே ஒரு வேலை செய்து பாருங்கள். அம்மாவின் 1971-ஐயும் மகளின் 1999-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், இருவருக்கும் ஐந்து வயது. அடுத்து 1972-க்கு 2000, 1973-க்கு 2001, இப்படியே 28 ஆண்டு இடைவெளியில் போகலாம். அருங்காட்சியகச் சுவரில் கால வரிசையில் பார்க்கும்போது இது தெரியாது, திரையில்தான் வசதி. ஒரே வயதில் இருக்கும் இரண்டு சிறுமிகள், அவர்களைச் சுற்றி இரண்டு வெவ்வேறு சீனா. எவ்வளவு மாறிவிட்டது என்பதை எந்தக் கட்டுரையும் இவ்வளவு சட்டென்று காட்டாது.

கைத்திறனைப் பற்றிச் சந்தேகம் வந்தால், பெய்ஜிங் மத்திய நுண்கலைக் கழகத்தில் மாணவியாக இருந்தபோது அவர் வரைந்த, மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலைத் தலையின் பென்சில் ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். நுண்கலைக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படித்த எத்தனையோ பேர் அதை முன்னால் வைத்து நகலெடுத்துப் பழகியிருக்கிறார்கள். அவ்வளவு கறாராக வரையத் தெரிந்தவர்தான் 'சாட்சி' வரிசையில் பல இடங்களை வேண்டுமென்றே தட்டையாக, புகைப்படத்தின் வெளிச்சத்தோடு விட்டிருக்கிறார். பின்னர் அதே கழகத்தில் ஆசிரியராகவும் ஆனார்.

இப்போது தங்கத்துக்கு வரலாம். 2010 வாக்கில் அவர் செய்த சில ஓவியங்கள் சுவரில் மாட்டுவதற்கானவை அல்ல, கூரையிலிருந்து தொங்கவிடுவதற்கானவை. சீனாவின் கிஸில், துன்ஹுவாங் பௌத்தக் குகை ஓவியங்களும் ஐரோப்பியத் தேவாலயக் கூரைகளும் அதற்குத் தூண்டுதல். ஆனால் மேலே இருப்பது தேவர்கள் இல்லை, சாதாரண உடையில் இன்றைய ஆட்கள். நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்றால் மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் மேசையில் வைத்துப் பார்த்தபோது கோணலாகத் தெரிந்த கால்களும் பாதங்களும் அப்போதுதான் சரியாக உட்காரும். 2024-ல் வெனிஸில் ஒரு பழைய சிறு தேவாலயத்தில் அவருடைய தங்கப் பின்னணி ஓவியங்கள் காட்சிக்கு வந்தன. அந்தப் புகைப்படங்களையும் தேடுங்கள், ஓவியத்தைத் தனியாக வெட்டி எடுத்த படம் வேண்டாம், கட்டடம் முழுதும் தெரிகிற படமாக இருக்கட்டும்.

கணவர் லியூ சியாவ்தோங்கும் பேர்பெற்ற ஓவியர். 1993-ல் இருவரும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் ஓவியத் தம்பதியாகவே நடித்திருக்கிறார்கள். அதனால் இவரைப் பற்றிய பேச்சு அடிக்கடி அவர் பக்கம் நழுவிவிடுகிறது, என்னைக் கேட்டால் அது தேவையில்லாத சுற்றுவழி. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் கித்தானைத் தூக்கிக்கொண்டு சம்பவ இடத்துக்கே போய் அங்குள்ளவர்களை நேரில் வைத்து வரைவதற்குப் பேர்போனவர், இவருக்கு வீட்டு ஆல்பத்தில் கிடைக்கும் ஒரு சாதாரணப் புகைப்படமே போதும்.