முகத்துக்கு ஏற்ற கூலிங்கிளாஸ்: நம் கடற்கரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் தட்டியில் தொங்கும் கூலிங்கிளாஸ்களில் எது நல்ல கருப்போ, எது சினிமாவில் பார்த்த மாதிரி இருக்கிறதோ, அதைத்தான் பலரும் எடுக்கிறார்கள். மாட்டி, விற்பவர் நீட்டும் கையகலக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து போட்டோவைப் பார்க்கும்போதுதான் என்னமோ சரியில்லையே என்று தோன்றும். வட்ட முகமா சதுர முகமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அகலம், மூக்கு, புருவம் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்விக்கே வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அகலம். பிரேமின் இரண்டு ஓரமும் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் பொட்டுப் பக்கத்தோடு ஏறக்குறைய முடிய வேண்டும். அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் முகம் சிறுத்து, கண்ணாடி மட்டும் தனியாகத் தெரியும். உள்ளே அடங்கிப்போனால் கன்னம் உள்ளதைவிட அகலமாகத் தெரியும், காதில் மாட்டும் கம்பியும் பொட்டை அழுத்தித் தலைவலி கொடுக்கும். கம்பியின் உள்பக்கம் பாருங்கள், 54, 18, 140 என்பது போல மூன்று எண்கள் பொடியாக அச்சிட்டிருக்கும். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது இரண்டு லென்ஸுக்கும் நடுவே மூக்கின் மேல் உட்காரும் இடைவெளி, கடைசி எண் கம்பியின் நீளம். எல்லாம் மில்லிமீட்டரில். ஏற்கெனவே நன்றாகப் பொருந்துகிற பவர் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தால் அதன் எண்களைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே போட்டோவில் பிரேமைப் போட்டிருப்பவரின் முகம் வேறு, நம் முகம் வேறு.

மூக்கைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் ஊர் வெயிலிலும் உப்புக் காற்றிலும் பத்து நிமிடம் நின்றால் மூக்கு வேர்த்துவிடும், பிளாஸ்டிக் பிரேம் வழுக்கி இறங்கிவிடும். இறங்கிய கண்ணாடி எந்த முகத்துக்கும் அழகாக இருக்காது. மூக்கின் மேல்பகுதி தாழ்ந்து அகலமாக இருப்பவர்கள், தனியாக வளைக்கக்கூடிய நோஸ்பேட் வைத்த பிரேமை வாங்குவது நல்லது. கடைக்காரரே உங்கள் மூக்குக்குத் தகுந்தபடி வளைத்துக் கொடுப்பார். மூக்கு மெலிந்து எடுப்பாக இருந்தால் நடு எண் சிறியதாக இருக்கிற பிரேமைக் கேளுங்கள்.

என் தங்கை மகளோடு ராமநாதபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். அவள் பெரிய லென்ஸ் வைத்த ஒன்றை மாட்டிக்கொண்டு, “மாமா, எப்படி இருக்கு?” என்றாள். “சிரி பார்ப்போம்” என்றேன். சிரித்ததும் கன்னம் மேலே எழும்பி பிரேமைத் தூக்கிவிட்டது, புருவம் இரண்டும் லென்ஸுக்குள்ளே போய்விட்டன. கழற்றிப் பார்த்தால் லென்ஸின் உள்பக்கம் இமை முடி பட்ட தடம், அடியில் கன்னத்துப் பவுடர். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. சிரித்துப் பாருங்கள், குனிந்து செருப்பைப் பாருங்கள், தலையை இரண்டு பக்கமும் ஆட்டுங்கள். நகரவில்லை, கன்னத்தில் படவில்லை, இமை தட்டவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்கலாம்.

புருவ விஷயம் எளிது. பிரேமின் மேல்கோடு புருவத்தின் வளைவை ஒட்டியே போக வேண்டும். புருவத்துக்கு ரொம்ப மேலே போனால் எப்போதும் ஆச்சரியப்படுகிற மாதிரித் தெரியும். ரொம்பக் கீழே இறங்கினால் இரட்டைப் புருவம் போலிருக்கும்.

இனி முக வடிவம். இங்கே நடக்கும் பெரிய தவறு, செல்ஃபியைப் பார்த்துத் தன் முகம் இன்ன வடிவம் என்று முடிவு செய்வது. கை தூரத்தில் பிடிக்கும் கேமராவில் மூக்கு பெரிதாகவும் முகம் ஒடுங்கியும் விழும். முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐந்தாறு அடி தள்ளி நிற்கும் ஒருவரை நேராக ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். அதில் நெற்றி, கன்னம், தாடை மூன்றில் எது அகலம், முகத்தின் நீளம் எவ்வளவு என்று பாருங்கள்.

அடிப்படை விதி ஒன்றுதான்: முகத்தில் ஏற்கெனவே இருக்கிற கோட்டைக் கண்ணாடி திரும்பவும் போட்டுக் காட்டக் கூடாது. வட்ட முகத்துக்கு வட்ட பிரேம் போட்டால் கன்னத்தின் உருண்டை இன்னும் எடுத்துத் தெரியும், அதனால் கொஞ்சம் மூலை வைத்த, உயரத்தைவிட அகலம் கூடிய பிரேம் நல்லது. தாடை எலும்பு எடுப்பான சதுர முகத்துக்கு நேர் மாறாக வளைவான ஓரங்கள் வேண்டும். நீள முகத்துக்கு ஒடுங்கிய பட்டை பிரேம் ஆகவே ஆகாது, மேலிருந்து கீழ் உயரம் உள்ள லென்ஸ்தான் முகத்தைப் பாதியில் நிறுத்தி நீளத்தைக் குறைத்துக் காட்டும். நெற்றி அகன்று தாடை கூர்ந்தவர்கள் மேல்பக்கம் கனத்த பிரேமைத் தவிர்த்து, அடிப்பக்கம் கொஞ்சம் அகலமானதைப் பார்க்கலாம். நீள்வட்ட முகத்துக்கு எதுவும் பொருந்தும் என்பார்கள். வடிவத்தைப் பொறுத்தவரை சரிதான், ஆனால் அவர்களும் அளவு தப்பி வாங்கினால் அழகு போய்விடும்.

ஏவியேட்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1930களில் அமெரிக்க விமானிகளுக்காக உருவானது அது. கீழே இருக்கும் கருவிகளைக் குனிந்து பார்க்கும்போதும் கூச்சம் வராமல் இருக்கத்தான் லென்ஸ் கண்ணீர்த் துளி போலக் கீழே இறங்குகிறது. நம் பக்கத்து ஆண்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஆனால் அடர்ந்த பெரிய மீசை வைத்தவர் அதைப் போட்டால் லென்ஸுக்கும் மீசைக்கும் நடுவே முகமே இல்லாமல் போய்விடுகிறது. மீசையை எடுக்கச் சொல்லவில்லை, லென்ஸ் உயரம் குறைந்த ஏவியேட்டரும் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். தாடி முகத்தை நீளமாக்கிக் காட்டும். தாடி வைக்கும் முன் வாங்கிய கண்ணாடி இப்போது பொருந்தவில்லை என்றால் காரணம் அதுதான்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் ஹிஜாபோடு கண்ணாடி போடும் பெண்கள் கடையிலும் அதே துணி சுற்றியே போட்டுப் பார்க்க வேண்டும். நெற்றியும் காதும் மறைந்தால் முகத்தின் வடிவமே வேறாகத் தெரியும். நுனி வளையாத, மெல்லிய நேர்க் கம்பி என்றால் துணிக்குள் சுலபமாக நுழையும். ஹெல்மெட் போடுகிறவர்களுக்கும் இதே கம்பிதான் வசதி.

நிறத்தில் நடக்கும் தவறு, மாநிறத்துக்கும் கருப்புக்கும் கருப்பு பிரேம் மட்டும்தான் எடுக்கும் என்று நினைப்பது. அடர் பச்சை, மரூன், ஆமை ஓட்டுப் பழுப்பு, தங்க நிறக் கம்பி எல்லாம் நம் தோலுக்கு அவ்வளவு எடுப்பாக இருக்கும், போட்டுத்தான் பாருங்களேன். தனுஷ்கோடி இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் கல்யாண போட்டோ எடுக்கப் போகிறவர்கள் பளபளக்கும் மெர்குரி லென்ஸைத் தவிர்த்துவிடுங்கள். மாப்பிள்ளையின் கண் இருக்க வேண்டிய இடத்தில் கேமராக்காரரும் குடை பிடிக்கிற பையனும் தெரிவார்கள்.

இவ்வளவு சொன்னாலும், மேலே சொன்ன எந்தத் தவறையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது: கருப்பாக இருந்தாலே பாதுகாப்பு என்று நம்புவது. கருப்பு நிறம் வெளிச்சத்தைத்தான் குறைக்கும், புற ஊதாக் கதிரைத் தடுப்பது லென்ஸின் பொருளும் அதில் சேர்க்கும் பூச்சும். அந்தத் தடுப்பு இல்லாத கருப்பு லென்ஸைப் போட்டால், இருட்டென்று நினைத்துக் கண்ணின் பாப்பா விரியும். விரிந்த கண்ணுக்குள் கதிர் இன்னும் தாராளமாகப் போகும். அதற்குக் கண்ணாடி போடாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடப்பதே மேல். யுவி 400 என்று எழுதியிருப்பதை வாங்குங்கள், 400 நானோமீட்டர் வரைக்கும் உள்ள கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்பதால், யுவி அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் கண்ணாடிக் கடையில் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

நம் கடற்கரைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த மணல் புற ஊதாக் கதிரில் 15 சதவீதம் அளவுக்கும், கடல் நுரை 25 சதவீதம் அளவுக்கும் திருப்பி அனுப்பும். அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல். வாலிநோக்கம் உப்பளத்தில் தரையே வெள்ளை. வருடக்கணக்கில் இப்படி வெயிலிலும் காற்றிலும் வேலை செய்கிறவர்களுக்குத்தான் விழி வெள்ளையில், பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து, கருவிழியை நோக்கிச் சதை வளர்கிறது. நாட்டுப்படகில் போகிறவர்கள் அழகு பார்ப்பதைவிட, பக்கவாட்டையும் மூடும் வளைந்த பிரேமை வாங்கினால் போதும். பாம்பன் பாலத்தில் ஆடிக் காற்றில் பைக் ஓட்டுகிறவர்களுக்கும் அதையே சொல்வேன்.

தண்ணீரின் கண்கூச்சத்துக்கு, அதில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை வடிகட்டும் போலரைஸ்டு லென்ஸ் அருமையான பொருள். உண்மையா போலியா என்று பார்க்க, போலரைஸ்டு என்று தெரிந்த இன்னொரு கண்ணாடியை அதன்மேல் குறுக்காக வைத்துத் திருப்புங்கள். ஒரு நிலையில் இரண்டும் சேர்ந்து இருண்டுவிட்டால் அசல். இதிலும் ஒரு தவறு நடக்கிறது: போலரைஸ்டு என்றாலே யுவி தடுப்பும் இருக்கும் என்று நினைப்பது. இரண்டும் வேறு வேறு, இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். படகில் ஜிபிஎஸ் பார்க்கிறவர்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே திரையைப் பார்த்துச் சோதியுங்கள், சில திரைகள் சில கோணத்தில் இருண்டுபோகும். லென்ஸ் நிறத்தில் சாம்பல் என்றால் எல்லா நிறமும் உள்ளபடி தெரியும், பழுப்பு என்றால் மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். கேட்டகரி 4 என்று எழுதிய மிக இருண்ட லென்ஸைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. கேட்டகரி 3 நம் பகல் வெயிலுக்குப் போதும்.

பவர் உள்ளவர்கள் ரொம்ப வளைந்த பிரேமில் பவர் லென்ஸ் போடச் சொல்லும் முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கூடுதல் பவருக்கு ஓரங்கள் வளைந்து தெரியும். ஏர்வாடி சந்தனக்கூட்டில் வாங்கும் விளையாட்டுக் கண்ணாடியைப் பிள்ளைகள் வீட்டுக்குள் போட்டு விளையாடட்டும், வெயிலில் வேண்டாம். அப்புறம், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைக்காதீர்கள், கம்பி விரிந்து பொருத்தமே போய்விடும். கடற்கரையிலிருந்து வந்ததும் சட்டை நுனியால் துடைக்கவும் வேண்டாம். லென்ஸில் காய்ந்திருக்கும் உப்பும் மணலும் கீறிவிடும். ஒரு டம்ளர் நல்ல தண்ணீரை ஊற்றி, திருகு இருக்கும் மூட்டையும் கழுவி, ஈரம் போகப் பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.