சேலத்தில் குடி, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை: எங்கே தொடங்குவது, என்ன கேட்பது

"குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்." பஸ் பின்னாலும் மின்கம்பத்திலும் இந்த விளம்பரத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. கீழே ஒரு செல்போன் நம்பர் இருக்கும். வீட்டில் ஒருவர் தினமும் குடித்துவிட்டு வரும்போது மனைவிக்கோ அம்மாவுக்கோ முதலில் நினைவுக்கு வருவது அந்த நம்பர்தான். அதை அழைப்பதற்கு முன் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் சேலத்திலேயே இருக்கின்றன. முதலில் டாக்டர், அப்புறம்தான் மறுவாழ்வு மையம் என்பது என் கட்சி. நிறைய வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. வட்டிக்கு வாங்கி மையத்துக்குக் கட்டிவிட்டு, காசே கேட்காத அரசு மருத்துவமனைக்குக் கடைசியில் வருகிறார்கள்.

படி 1: இன்றைக்கே ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக வேண்டாம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாது. நம் ஊரில் இதைப் பார்த்து "காத்துக் கருப்பு பிடிச்சிருச்சு" என்று மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். அந்த நேரத்தில் போக வேண்டிய இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. 108-ஐ அழையுங்கள்.

ஐயப்பனுக்கு மாலை போடுபவர்களிடம் இதைக் கவனித்திருப்பீர்கள். "மாலை போட்டா நாப்பத்தெட்டு நாளும் தொடறதில்லையே, மனசு வெச்சா முடியும்" என்று சொல்வோம். பழக்கம் லேசாக இருந்தால் முடியும்தான். உடம்பே சாராயத்துக்குப் பழகிப்போனவருக்கு மாலை போட்ட இரண்டாம் நாள் வலிப்பு வருவதும் உண்டு. அதனால் டாக்டரைப் பார்க்கும் வரை "இன்னையிலிருந்து ஒரு சொட்டுகூடக் கூடாது" என்று மல்லுக்கட்ட வேண்டாம். நாள்கணக்கில் தூக்க மாத்திரை போட்டுப் பழகியவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதையும் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், மஞ்சள் காமாலையோடு மயக்கம், தற்கொலைப் பேச்சு இவற்றில் எது இருந்தாலும் விடியும் வரை காத்திருக்காதீர்கள். கள்ளச்சாராயம் குடித்தவருக்குக் கண் மங்கினாலோ வயிறு வலித்தாலோ அதில் மெத்தனால் என்ற விஷம் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் அதனால்தான் இறந்தார்கள். சேலம் அரசு மருத்துவமனைக்கும் அப்போது பலரைக் கொண்டுவந்தார்கள். மோர் கொடுத்துப் பார்ப்போம், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டால் கண்ணோ உயிரோ போய்விடும்.

படி 2: ஒரு போன்

அவசரம் இல்லையென்றால் போனிலிருந்து தொடங்குங்கள். 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண். 14416 டெலி மனஸ் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. 104 தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண். குடிக்கிறவரே பேச வேண்டும் என்றில்லை, வீட்டார் பேசினாலும் போதும். தமிழக அரசு 2025-ல் "கலங்கரை" என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 104-ல் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

ஓ.பி.யில் கூட்டம் அதிகம், டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம். அங்கே போய் "ரொம்பக் குடிக்கிறாருங்க" என்று அழுதால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. அவர் கேட்கப் போவதை முன்கூட்டியே எழுதிப்போங்கள்.

என்ன குடிக்கிறார், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை வருடமாக, காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கிறதா, கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா? சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா? அளவைக் குவார்ட்டர் கணக்கிலேயே சொல்லலாம், டாக்டருக்குப் புரியும். டாஸ்மாக்கின் 180 மில்லி பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது ஒரு குவார்ட்டருக்குள் சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். "ஒரு குவார்ட்டர்தானே" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

வலி நிவாரண மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பிள்ளையாக இருந்தால் மாத்திரை அட்டை கிடைத்தால் எடுத்துப்போங்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனையும் தேவை. எச்.ஐ.வி.க்கு அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கிறது, இலவசம்.

படி 4: கூப்பிடும் நேரம்

ராத்திரி குடித்துவிட்டு வந்தவரிடம் சிகிச்சை பற்றிப் பேசினால் சண்டையில்தான் முடியும். காலையில், தலைவலியும் நடுக்கமுமாக உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். குடியை நிறுத்தச் சொல்லித் தொடங்காமல் உடம்பைப் பற்றித் தொடங்குங்கள். "கை நடுங்குதுங்களே, சோறும் இறங்கமாட்டேங்குது, ஒருவாட்டி டாக்டர்கிட்டக் காட்டிட்டு வந்துடலாங்க" என்றால் வருபவர்கள் "உன்னைக் குடியை விட வைக்கிறேன் பார்" என்றால் வருவதில்லை. மாமனாரையும் மச்சானையும் சேர்த்து வைத்துப் பஞ்சாயத்து நடத்துவது பெரும்பாலும் வீண். அவர் மதிக்கிற ஒரே ஒருவர் போதும், அது தறிப் பட்டறை முதலாளியாகக்கூட இருக்கலாம்.

வரவே மாட்டேன் என்றால்? நீங்கள் மட்டும் போய் மனநல டாக்டரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். அடி உதை இருந்தால் 181 மகளிர் உதவி எண். அவர் திருந்தும் வரை காத்திருந்து அப்புறம் உங்களைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம்.

படி 5: ஓ.பி. வாசல்

சேலத்தில் இதற்கான பெரிய வாசல் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதிதாகப் போகிறவர் ஒன்றைக் கவனியுங்கள். கல்லூரி வளாகம் இரும்பாலை ரோட்டில் இருக்கிறது, மருத்துவமனையோ கலெக்டர் அலுவலகத்துக்குப் பக்கத்தில், ஊருக்கு நடுவில். மொபைல் மேப்பில் கல்லூரிப் பெயரைத் தட்டினால் ஊரைத் தாண்டிப் போய் நிற்பீர்கள். ஆட்டோக்காரரிடம் "பெரியாஸ்பத்திரி" என்றாலே போதும்.

காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநல மருத்துவப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், நீங்கள் எழுதிய தாள், சாப்பிட ஏதாவது, கூட ஒரு ஆள் இருந்தால் போதும். "மனநலம்" என்ற பலகையைப் பார்த்ததும் "என்னைப் பைத்தியம்னு நினைச்சியா" என்று திரும்பி நடப்பவர்கள் உண்டு. நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மருந்து தருகிற டாக்டர் இங்கேதான் இருக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிக் கூட்டிப்போனால் இந்தத் தகராறு பாதி குறையும்.

மேட்டூர், ஆத்தூர் பக்கம் இருப்பவர்கள் அங்குள்ள அரசு மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். ஏற்காட்டுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போய்த் திரும்பினால் எஸ்டேட் கூலி ஒரு நாள் போய்விடும். அதனால் ஏற்காடு அரசு மருத்துவமனையில் "மனநல டாக்டர் எந்தக் கிழமை வருவார்" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேல்கிராமங்களில் இருப்பவர்கள் ஊர் செவிலியரிடமே கேட்கலாம். ஆனால் படி 1-ல் சொன்ன அறிகுறி இருந்தால் கிழமை பார்க்காமல் கீழே இறக்கிவிடுங்கள், மலைப்பாதையில் நடுவழியில் வலிப்பு வந்தால் கஷ்டம். 108-ல் போவதுதான் நல்லது.

படி 6: உள்ளே என்ன நடக்கும்

முதல் கட்டம் உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது. அநேகமாக ஒரு வாரம், பத்து நாள். நடுக்கமும் வலிப்பும் வராமலிருக்க மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 வைட்டமினான தயமின் ஊசி போடுவார்கள், நாள்பட்ட குடியில் அது உடம்பில் வற்றிப்போய் மூளையையே பாதிக்கும். லேசாக இருந்தால் வீட்டிலிருந்தே மாத்திரை, கடுமையாக இருந்தால் அட்மிஷன்.

அந்தப் பத்து நாள் முடிந்ததும் "சரியாயிட்டாரு" என்று கூட்டி வந்து, மறுபடி குடித்ததும் "சிகிச்சையே பிரயோஜனமில்லை" என்பது நம் வழக்கம். உண்மையில் அது தொடக்கம்தான். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் உண்டு, மாதக்கணக்கில் சாப்பிட வேண்டியவை. கூடவே கவுன்சிலிங்.

டைசல்பிராம் என்று இன்னொரு மாத்திரை. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தக் குறைவு வரை போகும். உயிரே போகவும் வாய்ப்புண்டு. குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் மட்டுமே தர வேண்டியது அது. "தெரியாமலே நிறுத்தலாம்" பொடியில் என்ன இருக்கிறது என்று விற்பவர் சொல்வதில்லை. குழம்பில் கலந்து போடும் மனைவிக்கும் தெரியாது. வாங்காதீர்கள்.

கஞ்சாவுக்கு இப்படித் தனி மாத்திரை எதுவும் இல்லை. கவுன்சிலிங்தான் முக்கியம், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தேவைப்பட்டால் மருந்து. வலி மாத்திரை, ஹெராயின் வகைக்குப் புப்ரெனார்ஃபின் கொடுப்பார்கள். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று வீட்டார் அதைப் பிடுங்கி எறிகிறார்கள். அந்த மருந்துதான் பிள்ளையை ஊசியிலிருந்து விலக்கி வைக்கிறது.

படி 7: மறுவாழ்வு மையம் தேவையென்றால்

வீட்டிலிருந்தால் நிறுத்தவே முடியவில்லை, சகவாசம் சரியில்லை என்றால் தங்கும் மையம் உதவும். எதில் சேர்க்கலாம் என்று மனநல டாக்டரிடமே கேளுங்கள். அப்புறம் நோயாளியைக் கூட்டிப்போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். உள்ளே விடமாட்டோம் என்றால் அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது.

மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேளுங்கள், பதிவு இல்லாமல் மையம் நடத்தக் கூடாது. மனநல டாக்டர் யார், எந்தெந்த நாளில் வருகிறார்? ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார்? நாங்கள் போனில் பேசலாமா, நேரில் பார்க்கலாமா? மொத்தக் கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, நடுவில் கூட்டிப்போனால் பணம் திரும்புமா? வாய்வார்த்தை வேண்டாம், எழுதி வாங்குங்கள்.

ராத்திரியில் வேனோடு நாலு பேர் வந்து ஆளைத் தூக்கிப் போவதைச் "சேவை" என்று சொல்லி விற்கும் இடங்களும் உண்டு. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த பாதிப்பையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. சம்மதமில்லாதவரைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கென்று நிபந்தனைகள் உண்டு. மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்துத் தேவை என்று சொல்ல வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். "ஆறு மாசம் கண்ணுலயே காட்டமாட்டோம், அப்பத்தான் திருந்துவாரு" என்பவரிடம் பணம் கட்டாதீர்கள். அடித்தால்தான் வழிக்கு வருவார் என்று நினைக்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம்.

படி 8: போலீஸ் பயம்

கஞ்சா, மாத்திரை விஷயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் வந்துவிடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைப்பது சட்டப்படி மருத்துவமனையின் கடமை. ஏற்கெனவே சிறிய அளவு வைத்திருந்ததாகவோ பயன்படுத்தியதாகவோ வழக்கு வந்திருந்தாலும், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி தருகிறது. அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடிப்பவருக்கு அதில் விலக்கு உண்டு. விற்றவருக்கு அது பொருந்தாது. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100.

படி 9: வீடு திரும்பிய பிறகு

அடுத்த ஓ.பி. தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மாத்திரை தீர்ந்த பிறகு போவதைவிடத் தீர்வதற்கு இரண்டு நாள் முன்பே போய்விடுவது நல்லது. தறி ஓட்டுபவர், கொலுசுப் பட்டறைக்காரர் என்று வாரக்கூலி வாங்கும் வீடுகளில் கூலி நாள் மாலைதான் ஆபத்தான நேரம். அன்றைக்குக் கூலி கைக்கு வரும்போது வீட்டில் ஒருவர் கூடப் போவதோ, வங்கிக் கணக்குக்குப் போடச் சொல்வதோ இரண்டும் பேசி முடிவு செய்ய வேண்டியவை. பிடுங்கினால் வேறு வழியில் கடன் வாங்கிக் குடிப்பார். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை, கல்யாண வீடு, கெடா வெட்டு, துக்க வீடு எதற்கும் கொஞ்ச நாள் தனியாக அனுப்பாதீர்கள்.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இலவசம், குடியை விட வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு. மருந்துக்கு மாற்று என்று நினைக்காமல் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் எந்த மாத்திரையைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கோ மறுநாளோ அதே டாக்டரிடம் கேளுங்கள். பழைய சீட்டைக் காட்டுங்கள், புதிதாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஊசி மாத்திரைக்காரர்கள் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். சில வாரம் விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு அடங்கிப்போகும். உதடு நீலமாகி, எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவாகிவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.