புது மரவேலி கறுத்தால்: கறையைப் பார்த்து மருந்து

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் புதிதாகப் போட்ட தேக்கு வேலி ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் கறுத்துவிடுகிறது. அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்காதீர்கள். கறை உள்ளே மாட்டிக்கொள்ளும், அப்புறம் இழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆணித்தலையிலிருந்து நீலங்கறுப்பாகக் கோடு வழிந்திருந்தால் அது இரும்புக் கறை. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் மை ஆவது போலத்தான் இதுவும்: தேக்கிலும் கருவேலத்திலும் உள்ள துவர்ப்பு, துரு கலந்த ஈரம் பட்டதும் கறுக்கிறது. உப்புக்காற்றில் துரு சீக்கிரம் பிடிப்பதால் இங்கே தொல்லை அதிகம். ஆணியே இல்லாத இடத்தில் பொடிப்பொடியாகக் கரும்புள்ளி இருக்கிறதா? பக்கத்தில் கம்பி அறுத்தபோது கிரைண்டர் பொறி தெறித்திருக்கும். நிழல்பக்கம் திட்டுத்திட்டாக இருந்தால் பூஞ்சணம். சந்தேகம் இருந்தால் துணி வெளுக்கும் பிளீச் ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சணம், அப்படியே இருந்தால் பெரும்பாலும் இரும்பு. வெறும் சாம்பல் நிறம் வெயிலால் வருவது. மரத்துக்குக் கெடுதல் இல்லை.

பூஞ்சணத்துக்குத் திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு. பத்து நிமிடம் ஊறவிட்டு நார்த் தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம், அதன் துணுக்கே புதுக் கறை போடும்.

இரும்புக் கறைக்கு ஆக்ஸாலிக் ஆசிட் தூள். பிளாஸ்டிக் வாளியில் ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்து, பலகை முழுவதும் பூசுங்கள். கறையில் மட்டும் பூசினால் அந்த இடம் வெளிறித் தனியாகத் தெரியும். இருபது நிமிடத்தில் கறுப்பு மங்கும். இரண்டு மூன்று தடவை அலசுங்கள். இது விஷம்: கையுறை, கண்ணாடி கட்டாயம், பிள்ளைகளையும் ஆடுகளையும் அண்டவிடாதீர்கள். பிளீச்சோடு இது கலந்தால் நச்சுவாயு கிளம்பும், ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யவே கூடாது.

கடைசி அலசலுக்கு உவர்ப்பான போர்த் தண்ணீர் ஆகாது. மரத்தில் தங்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். மழைநீரோ காவிரிக் குடிநீரோ எடுங்கள்.

பழைய ஆணி இருக்கும்வரை கறை திரும்பத் திரும்ப வரும். அதைப் பிடுங்கிவிட்டு, முதலில் துளை போட்டு, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் திருகு பூட்டுங்கள். கடலோரத்தில் 304-ம் பழுப்பேறும்.

வடகிழக்குப் பருவமழை முடிந்து மரம் நன்றாகக் காய்ந்ததும், தண்ணீர்ச் சொட்டு விட்டவுடன் உறிஞ்சினால் பூசலாம். நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சு இரண்டு கை. பலகையின் வெட்டுமுனைகளுக்கு மூன்று. வெறும் ஆளி எண்ணெய் பூஞ்சணத்துக்குத் தீனி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும், விரித்துக் காயவிடுங்கள்.